ஜெல்லிமீன் ஸ்பீசிஸ் கண்டுபிடிக்க உடலமைப்பை நம்புறதா, டிஎன்ஏவை நம்புறதா?

அலைநுரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விலங்கியல் முதுகலை கடைசி வருஷம் படிக்கிறேன், ப்ராஜெக்ட் ஜெல்லிமீன் வகைப்பாடு. கொஞ்சம் மாட்டிக்கிட்டு நிக்கிறேன், இங்க இந்த வேலை பண்றவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

என்கிட்ட இருக்கிற முதல் சாம்பிள் தட்டையான கண்ணாடி மாதிரி குடை, நடுவுல லாட வடிவத்துல நாலு கொனாடு (இனப்பெருக்க உறுப்பு), விளிம்பு முழுக்க முடி மாதிரி குட்டி குட்டி டென்டக்கிள் (உணர்கொம்பு). கீ (உடம்பை வெச்சு பேர் கண்டுபிடிக்கிற கேள்வி வரிசை) வெச்சு பார்த்தா நேரா ஆரேலியா ஆரிட்டான்னு வருது. சரி முடிஞ்சதுன்னு நெனச்சு சிஓஐ (ஸ்பீசிஸ் பிரிக்க உதவுற மைட்டோகாண்ட்ரியா ஜீன்) சீக்வென்ஸ் பண்ணி ஜென்பேங்க்ல (பொது டிஎன்ஏ சேமிப்பகம்) பிளாஸ்ட் (ஒத்துப்போற சீக்வென்ஸைத் தேடுற கருவி) போட்டா, மேல வர்றது ஆரேலியா கோருலியா 99 சதவீதம், அதுக்கு கீழயே அதே 99ல "ஆரேலியா எஸ்பி 1"னு ஒண்ணு, அதுக்கும் கீழ அதே சதவீதத்துல "ஆரேலியா ஆரிட்டா"ன்னும் ஒண்ணு வருது. ஒரே சீக்வென்ஸுக்கு மூணு பேரு எப்படி வரும்? கைடு சார் ஆரிட்டான்னே எழுதிடு, எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்கன்னு சொல்றார். எனக்கு அப்படி எழுத மனசு வரல.

இன்னும் ரெண்டு சாம்பிள் இருக்கு. ஒண்ணு கனமான குடை, விளிம்புல டென்டக்கிளே இல்ல, கீழ தடிமனா வாய்க்கைகள் (வாயைச் சுத்தி இருக்கிற கைகள்) மட்டும் தொங்குது, ஆனா அதை முழுசா ஃபார்மலின்ல போட்டு வெச்சிருக்காங்க. இன்னொண்ணு சின்னதா சதுரப் பெட்டி மாதிரி. இதுங்களை எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எத்தனை சதவீதம் வித்தியாசம் இருந்தா வேற ஸ்பீசிஸ்னு சொல்லலாம்னும் யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும்.

உப்புக்கோடு எழுதியது:

உங்களுக்கு மனசு வராதது ரொம்ப சரி, ஆரிட்டான்னு எழுதாதீங்க. அந்த மூணு பேரும் ஒரே ஜீவனோட பேருதான், எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

ஆரிட்டான்னு முதல்ல பேர் வெச்சது லின்னேயஸ், 1758ல. அது வட ஐரோப்பியக் கடல் ஜெல்லி. அதுக்கப்புறம் உலகத்துல எங்க எங்கெல்லாம் தட்டையான குடையும் நாலு லாடமும் பார்த்தாங்களோ அங்கெல்லாம் நடுநடுவுல வேற பேரு வெச்சாலும் கடைசில எல்லாத்தையும் ஆரிட்டாக்குள்ளயே போட்டு மூடிட்டாங்க, உலகம் பூரா ஒரே ஸ்பீசிஸ்னு பாடப்புத்தகத்துல ரொம்ப காலம் இருந்துச்சு. 2001ல டாசன், ஜேக்கப்ஸ் ரெண்டு பேரும் பல கடல்ல இருந்து சாம்பிள் எடுத்து சிஓஐயும், ஐடிஎஸ்1ங்கிற உட்கரு டிஎன்ஏ பகுதியும் பார்த்தப்போதான் இது ஒண்ணு இல்ல, பல ஸ்பீசிஸ் ஒரே முகமா திரியுதுன்னு வெளிய வந்துச்சு. ஆனா அப்போ எதுக்கு எந்தப் பழைய பேரு பொருந்தும்னு தெரியாததால எஸ்பி 1, எஸ்பி 2ன்னு நம்பர் போட்டு விட்டாங்க. உங்களுக்கு வந்த எஸ்பி 1 அந்த நம்பர்தான். அப்புறம் 2016ல மத்தியதரைக் கடல் ஆரேலியாக்களை உக்காந்து பிரிச்சவங்க, அந்த எஸ்பி 1க்கு 1884ல லெண்டன்ஃபெல்ட் வெச்சுட்டுப் போன கோருலியாங்கிற பேரை எடுத்து பொருத்தினாங்க. 2021ல இன்னும் பெரிய வேலை வந்துச்சு, அதுல இந்த ஜீனஸ்ல மட்டும் 28 ஸ்பீசிஸ், அதுல பலதுக்கு அப்போதான் முதல்முதலா பேரே கிடைச்சுது.

ஜென்பேங்க்ல என்ன பிரச்சனைன்னா, யார் சீக்வென்ஸ் போடுறாங்களோ அவங்க வெச்ச பேருதான் அங்க நிக்கும். 2003ல ஒருத்தர் ஆரிட்டான்னு போட்டிருந்தா அவரே வந்து மாத்துற வரைக்கும் பெரும்பாலும் ஆரிட்டாதான். அதனால பிளாஸ்ட்ல முதல் வரியை மட்டும் பார்த்து பேர் எழுதுறதை விட்டுட்டு, அந்த 2016, 2021 ஆய்வுகள்ல வந்த சீக்வென்ஸ்களை இறக்கி, வட ஐரோப்பாவுல இருந்து வந்த உண்மையான ஆரிட்டா சீக்வென்ஸும் சேர்த்து ஒரு உறவு மரம் (எது எதுக்கு நெருக்கம்னு காட்டுற கிளைப் படம்) வரைஞ்சு பாருங்க. உங்க சாம்பிள் கோருலியா கிளையில உக்காந்துடும், ஆரிட்டா எங்கயோ தள்ளி நிக்கும். கைடு சார்கிட்ட பேசுறதை விட அந்த மரத்தை காட்டுறது ஈஸி.

நடுக்கடல் எழுதியது:

இதுக்குத்தான் நான் சொல்றது, இனிமே டென்டக்கிள் எண்றது கொனாடு அளக்குறது எல்லாம் தேவையே இல்ல. உடம்பு ஏமாத்துது, சிஓஐ ஏமாத்தல. ஒரு துண்டு வெட்டு, சீக்வென்ஸ் பண்ணு, பேர் எழுது. அவ்ளோதான்.

விளிம்புமடல் எழுதியது:

நடுக்கடல், இதை நான் ஒத்துக்க மாட்டேன். உடம்பு ஏமாத்தல, நாம சரியா பார்க்கல. பல இடத்துல டிஎன்ஏ பிரிச்சுக் காட்டினதுக்கு அப்புறம் திரும்பப் போய் பார்த்தா வித்தியாசம் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு.

கிரைசவோரா குவின்குசிர்ரா எடுத்துக்கோங்க. அமெரிக்காவோட அட்லாண்டிக் பக்கம் இருக்கிற கொட்டுற ஜெல்லி, கழிமுகத்துக்குள்ள இருக்கிறதும் வெளிக்கடல்ல இருக்கிறதும் ஒண்ணுதான்னு வெச்சிருந்தாங்க. 2017ல டிஎன்ஏ ரெண்டாப் பிரிச்சுது. உடனே விளிம்பைப் போய் எண்ணிப் பார்த்தா, கழிமுகத்துல இருக்கிறதுக்கு பொதுவா 24 டென்டக்கிள், 32 விளிம்பு மடல், வெளிக்கடல்ல இருக்கிறதுக்கு 40 டென்டக்கிள், 48 மடல். கொட்டுற செல்லோட அளவுலயும் வித்தியாசம். 1936லயே ஒருத்தர் கழிமுகத்து ஜெல்லியை தனியா கவனிச்சு செசபீக்கின்னு ஒரு வெரைட்டி பேரு வெச்சுட்டுப் போயிருக்கார், எண்பது வருஷம் அதை யாரும் கண்டுக்கல. இப்போ அதுவே ஸ்பீசிஸ் பேரு. டென்டக்கிள் எண்றது வேஸ்ட்னா இந்த பேரை யார் காப்பாத்தி வெச்சிருப்பாங்க?

அலைநுரை, உங்களோட மத்த ரெண்டு சாம்பிளுக்கு உடம்புல இருந்துதான் ஆரம்பிக்கணும், ஏன்னா எந்த ப்ரைமர் (டிஎன்ஏவை நகலெடுக்க ஆரம்பிச்சு வைக்கிற சின்னத் துண்டு) போடணும், எந்த குடும்பத்து சீக்வென்ஸோட ஒப்பிடணும்னு உடம்புதான் சொல்லும். கடல் தண்ணியை ஒரு அகலமான கண்ணாடித் தட்டுல ஊத்தி, ஜெல்லியை வாய் மேல பார்க்குற மாதிரி மிதக்க விட்டு, அடியில கறுப்புத் துணி போட்டு, லைட்டை பக்கவாட்டுல இருந்து அடிங்க. மேல இருந்து லைட் அடிச்சா ஒண்ணுமே தெரியாது, பக்கவாட்டுல அடிச்சா குடைக்குள்ள ஓடுற குழாய் எல்லாம் கோடு கோடா எழுந்து நிக்கும்.

முதல்ல குடை விளிம்போட உள்பக்கம் பாருங்க. உள்ள பார்த்து ஒரு மெல்லிசான தோல் வளையம் இருக்கா? இருந்து, குடை வட்டமா இருந்தா ஹைட்ரோசோவா வகுப்பு. சதுரப் பெட்டியா இருந்து அந்த மாதிரி தோல் இருந்தா கியூபோசோவா. அந்த தோலே இல்லாம விளிம்பு மடல் மடலா வெட்டி இருந்தா ஸ்கைஃபோசோவா. தண்டு வெச்சு பாசியில ஒட்டிக்கிட்டு நீந்தாமயே இருக்கிறது ஸ்டாரோசோவா, அதை 2004லதான் தனி வகுப்பா பிரிச்சாங்க. உடம்புல எட்டு வரிசை சீப்பு மாதிரி மின்னிக்கிட்டு இருந்தா அது ஜெல்லிமீனே இல்ல, டீனோஃபோரா, கொட்டுற செல் கிடையாது, ஒட்டுற செல்தான்.

ஸ்கைஃபோசோவான்னு தெரிஞ்சா அடுத்து வாய்க்கை. நாலு வாய்க்கை, விளிம்புல டென்டக்கிள் இருந்தா செமியோஸ்டோமியே, ஆரேலியா கிரைசவோரா எல்லாம் இதுல. குடையைச் சுத்தி நடுவுல ஒரு பள்ளம் ஓடினா கொரோனேட்டே. விளிம்புல டென்டக்கிளே இல்லாம தடிமனா எட்டு வாய்க்கை இருந்தா ரைசோஸ்டோமியே, உங்க ரெண்டாவது சாம்பிள் கண்ணை மூடிட்டு இதுதான். ரைசோஸ்டோமியேவுல நடுவுல பெருசா ஒரு வாய் இருக்காது, வாய்க்கை பூரா குட்டி குட்டி வாய். இதுல ஜீனஸ் பிரிக்க குழாய் வலைதான் முக்கியம், மையத்துல இருந்து கிளம்பற குழாய் எத்தனை, விளிம்பு வரைக்கும் போகுதா, பக்கத்துக் குழாயோட எங்க சேருதுன்னு பார்க்கணும். ஒரு சிரிஞ்சுல சாயம் எடுத்து வயித்துக்குள்ள மெதுவா ஏத்தினா குழாய் நிறம் பிடிச்சுக்கிட்டே கிளை கிளையா ஓடும், அதை அப்படியே போட்டோ எடுத்துடுங்க. ஃபார்மலின்ல இருந்த சாம்பிள்லயும் திசு கிழியாம இருந்தா இது நடக்கும்.

கலரை மட்டும் நம்பாதீங்க. சாப்பாடு, உள்ள குடியிருக்கிற பாசி, வயசு எல்லாத்துக்கும் மாறும், ஃபார்மலின்ல போட்டா கொஞ்ச நாள்ல போயே போயிடும்.

அப்புறம் அந்த சதுர ஜெல்லியை வெறும் கையில தொடாதீங்க. செத்து ரொம்ப நேரம் ஆனாலும் கொட்டுற செல் வேலை செய்யும். கையுறை போட்டுட்டு நாலு மூலையையும் பாருங்க, ஒவ்வொரு மூலைக் காலுலயும் (மூலையில நீட்டிக்கிட்டு இருக்கிற சதை) ஒரே டென்டக்கிள் இருந்தா பெரும்பாலும் கேரிப்டீடா வரிசை, ஒரே காலு கிளை பிரிஞ்சு நிறைய டென்டக்கிள் தொங்கினா கைரோடிராபிடா. ஆஸ்திரேலியப் பக்கம் இருக்கிற கைரோனெக்ஸ் ஃப்ளெக்கரிக்கு மூலைக்கு 15 வரைக்கும் இருக்கும். அப்புறம் நாலு பக்கச் சுவர்லயும் ஒரு குழி இருக்கும், அதுக்குள்ள கண்ணு இருக்கிற உறுப்பு, ஒரு உறுப்புல 6 கண்ணு, மொத்தம் 24. அந்தக் குழியோட வாய் எந்த வடிவம்னு பெருசாக்கி பாருங்க. கேரிப்டியா ஜீனஸுக்கு இதய வடிவம், அலட்டினா ஜீனஸுக்கு படுக்கைக் கோட்டோட நடுவுல இருந்து ஒரு கோடு கீழ இறங்கின, ஆங்கில T மாதிரி வடிவம். குடும்பம் பிரிக்க இது ஒண்ணே பாதி வேலையை முடிச்சுடும்.

நடுக்கடல் எழுதியது:

விளிம்புமடல், கிரைசவோரா நல்ல உதாரணம்தான், மறுக்கல. ஆனா அங்கயும் முதல்ல கதவைத் திறந்தது டிஎன்ஏதானே. அதுவும் பாலிப் கட்டத்துல (நீந்துறதுக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு வளர்ற பருவம்) என்ன பண்ணுவீங்க? ஆரேலியா பாலிப்பும் இன்னொரு ஸ்கைஃபோசோவா பாலிப்பும் பக்கத்துல வெச்சா சில மில்லிமீட்டர் உயரத்துல ஒரு குட்டிக் கிண்ணமும் சுத்தி டென்டக்கிளும்தான், யாராலயும் பிரிக்க முடியாது. ஹைட்ரோசோவாவுல இன்னும் மோசம், பாறையில ஒட்டி வளர்ற பாலிப்புக்கு ஒருத்தர் ஒரு பேரு, நீந்துற குடைப் பருவமான மெடுசாவுக்கு இன்னொருத்தர் இன்னொரு பேருன்னு நூறு வருஷத்துக்கு மேல ரெண்டு தனித்தனி வகைப்பாடே ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரே ஜீவனோட ரெண்டு பருவம்னு நிரூபிக்க முன்னாடி பாலிப்பை தொட்டியில வளர்த்து அது மெடுசா விடுற வரைக்கும் காத்திருக்கணும். இப்போ ரெண்டோட 16எஸ் ஜீனையும் ஒப்பிட்டா முடிஞ்சுது.

உப்புக்கோடு எழுதியது:

பாலிப் விஷயத்துல நடுக்கடல் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா சிஓஐ ஒண்ணை மட்டும் வெச்சு பேர் எழுதுறது ஆபத்து. அது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, பொதுவா தாய் வழியா மட்டும் வர்றது, ரெண்டு ஸ்பீசிஸ் கலந்து பிறந்திருந்தா அது பாதிக் கதையைத்தான் சொல்லும். அதனாலதான் செல்லோட உட்கரு டிஎன்ஏ பக்கம் ஐடிஎஸ்1, 28எஸ் மாதிரி ஒண்ணாச்சும் கூட பார்க்கணும்னு சொல்றாங்க, ரெண்டும் ஒரே இடத்துல பிரிஞ்சா நம்பிக்கை வரும். (ஜெல்லிமீன்களோட மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மத்த விலங்குகள்ல இருக்கிற மாதிரி வட்டமா இருக்காது, நீட்டுக்கோடா இருக்கும், எனக்கு இந்தக் குழுவுல ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.)

ஜீனஸ் வரைக்குமே ஆட்டம் காணும். 2013ல வடக்கு அட்ரியாட்டிக்ல திடீர்னு ஒரு ஜெல்லி கூட்டமா வந்துச்சு, 2014ல பெலாஜியா பெனோவிசின்னு புது ஸ்பீசிஸா பேர் வெச்சாங்க. ரெண்டு வருஷத்துல திரும்ப உடலமைப்பும் பல ஜீனும் சேர்த்துப் பார்த்தவங்க இது பெலாஜியாவே இல்ல, தனி ஜீனஸ்னு மாவியா பெனோவிசி ஆக்கிட்டாங்க. கொனாடு எப்படி உக்காந்திருக்குங்கிறது அதுல ஒரு முக்கியமான ஆதாரம்.

சமீபத்துல எனக்கு ரொம்ப சந்தோஷம் கொடுத்தது ஃபைசாலியா ஆராய்ச்சி. நீலக் காத்துப் பை வெச்சுக்கிட்டு மிதக்குமே அது, ஒரு தனி ஜெல்லி கிடையாது, ஹைட்ரோசோவா கூட்டுயிர். உலகம் பூரா ஒரே ஸ்பீசிஸ்னு இருந்ததை 2025ல முழு ஜீனோம்களை வெச்சு குறைஞ்சது நாலுன்னு காட்டினாங்க, ஃபைசாலிஸ், யூட்ரிகுலஸ், மெகாலிஸ்டா, மினுட்டா. இதுல யூட்ரிகுலஸும் மெகாலிஸ்டாவும் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே கப்பல்ல போனவங்க கண்ணால பார்த்து வெச்ச பேருங்க, பின்னாடி வந்தவங்கதான் எல்லாம் ஒண்ணுன்னு தூக்கிப் போட்டாங்க. ஜீனோம் பார்த்தவங்களும் அதோட நிக்கல, பொதுமக்கள் எடுத்து இணையத்துல போட்ட ஆயிரக்கணக்கான போட்டோவை எடுத்து பையோட வடிவத்தையும் டென்டக்கிளையும் ஒப்பிட்டு எது எதுன்னு சேர்த்தாங்க. டிஎன்ஏவா உடம்பான்னு சண்டை போடுறவங்க இந்த ஒரு ஆராய்ச்சியை முழுசா படிச்சா போதும்.

குளிர்பெட்டி எழுதியது:

நான் லேப் பக்கம் மட்டும் சொல்றேன், ஏன்னா பாதிப் பேர் தோத்துப் போறது அங்கதான்.

அந்த ஃபார்மலின் சாம்பிள்ல சிஓஐ முழு நீளம் எதிர்பார்க்காதீங்க. ஃபார்மலின் டிஎன்ஏவை புரோட்டீனோட பிணைச்சு துண்டு துண்டா ஆக்கிடும், சின்ன துண்டு கிடைச்சா அதிர்ஷ்டம். இனிமே சாம்பிள் கிடைச்சா முதல்ல போட்டோ, அடுத்து அளவு, அடுத்து ஒரு சின்னத் துண்டை வெட்டி 95 சதவீத ஆல்கஹால்ல, அப்புறமாதான் மீதி உடம்பு ஃபார்மலினுக்கு. ரெண்டுக்கும் ஒரே நம்பர் போடுங்க. ஆல்கஹால்ல முழு ஜெல்லியைப் போட்டா சுருங்கி வடிவமே தெரியாம போயிடும், ஃபார்மலின்ல துண்டைப் போட்டா டிஎன்ஏ போயிடும், அதனால இந்த ரெண்டு பாட்டிலும் எப்பவும் ஜோடியா இருக்கணும். ஃபார்மலின் பஃபர் செஞ்சதா இருக்கட்டும், இல்லேன்னா விளிம்பு உறுப்புக்குள்ள இருக்கிற குட்டிப் படிகங்கள் கரைஞ்சு போயிடும்.

ஜெல்லி உடம்புல 95 சதவீதத்துக்கு மேல தண்ணி. துண்டைப் போட்டதும் அந்தத் தண்ணி வெளிய வந்து ஆல்கஹாலை நீர்த்துப் போக வெச்சுடும், பாட்டில் பார்க்க நல்லாத்தான் இருக்கும், உள்ள திசு அழுகிக்கிட்டு இருக்கும். மறுநாள் ஆல்கஹாலை மாத்திடுங்க. எங்க இருந்து வெட்டுறோம்ங்கிறதும் முக்கியம், வயித்துப் பக்கமோ வாய்க்கை மடிப்போ எடுத்தா அது தின்ன மீனோட சீக்வென்ஸ் அழகா வரும், குடைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கிற குட்டி இறால் மாதிரி ஜீவனும் இதையே பண்ணும். கொனாடு நல்லது, இல்லேன்னா சுத்தமா கழுவின குடை விளிம்பு.

பிசிஆர்ல (டிஎன்ஏவை பல மடங்கு நகலெடுக்கிற முறை) பேண்டே வரலன்னா முதல்ல டிஎன்ஏவை பத்து மடங்கு நீர்க்க வெச்சு திரும்ப ஓட்டுங்க, சளியும் சர்க்கரைப் பொருளும் கூட வந்து ரியாக்‌ஷனை அடைச்சுக்கிட்டு நிக்கும். சிடிஏபிங்கிற வேதிப்பொருள் வெச்சு டிஎன்ஏ எடுத்தா இது குறையும். 1994ல இருந்து சிஓஐக்கு எல்லாரும் போடுற ஃபோல்மர் ப்ரைமர் சில ஸ்கைஃபோசோவாவுல சரியா ஒட்டாது, அப்போ அந்தக் குழுவுக்குன்னே செஞ்ச ப்ரைமரைத் தேடுங்க, இல்லேன்னா 16எஸ் போங்க.

அலைநுரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மரம் வரைஞ்சு பார்த்தேன், உப்புக்கோடு அண்ணா சொன்ன மாதிரியே கோருலியா கூட்டத்துக்குள்ள போய் உக்காந்துடுச்சு, ஆரிட்டா ரொம்ப தள்ளி. சதுர ஜெல்லிக்கு மூலைக்கு ஒரே டென்டக்கிள், குழி இதய வடிவம் மாதிரிதான் தெரியுது, இன்னும் பெருசாக்கி பார்க்கணும். சதவீதக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல, எத்தனைன்னு எழுதுறது? அப்புறம் ரிப்போர்ட்ல பேரை எப்படி எழுதினா கைடு சார் ஒத்துப்பார்?

உப்புக்கோடு எழுதியது:

எல்லா ஜெல்லிக்கும் பொருந்துற ஒரே சதவீதம் கிடையாது, அப்படி ஒண்ணை எழுதினா வைவால மாட்டிப்பீங்க. ஆரேலியாவுல ஒரே ஸ்பீசிஸுக்குள்ள சிஓஐ வித்தியாசம் ரொம்பக் கம்மி, ஸ்பீசிஸுக்கு இடையில பத்து சதவீதத்தைத் தாண்டுறது சகஜம், அதனால அங்க பிரிக்கிறது ஈஸி. வேற ஜீனஸ்ல அந்த இடைவெளி இவ்ளோ பெருசா இருக்காது. உங்க ஜீனஸ்ல ஸ்பீசிஸுக்குள்ள எவ்ளோ, இடையில எவ்ளோன்னு ரெண்டையும் கணக்குப் போட்டு, நடுவுல காலி இடம் இருக்கான்னு காட்டுங்க. இதுக்கு ஒரே ஒரு சாம்பிள் பத்தாது, தள்ளித் தள்ளி இருக்கிற இடங்கள்ல இருந்து சேர்க்கணும், இல்லேன்னா நடுவுல இருக்க வேண்டியது உங்களுக்கு கிடைக்காததாலயே காலி இடம் மாதிரி தெரியும்.

பேரை இப்படி எழுதுங்க: உடலமைப்பு ஆரேலியா ஜீனஸ் வரைக்கும் உறுதி, சிஓஐ மரத்துல கோருலியாவோட சேருது, அதனால ஆரேலியா கோருலியா. ஐடிஎஸ்1ம் அதையே சொன்னா அடுத்த வரியில அதைச் சேர்த்துடுங்க.

விளிம்புமடல் எழுதியது:

அதோட அளவு எல்லாத்தையும் ஒரு அட்டவணையா போட்டுடுங்க அலைநுரை, குடை விட்டம், தடிமன், வாய்க்கை நீளம் குடை ஆரத்துல எவ்ளோ, குழாய் எத்தனை இடத்துல சேருது, விளிம்பு உறுப்பு எட்டும் இருக்கா எல்லாமே. இப்போ கோருலியாவை பக்கத்து ஸ்பீசிஸ்ல இருந்து உடம்பை வெச்சுப் பிரிக்க முடியலன்னாலும் பரவாயில்ல, பின்னாடி ஒருத்தர் நூறு சாம்பிள் சேர்த்துப் பார்க்கும்போது உங்க அட்டவணை அதுல ஒரு வரியா நிக்கும். சீக்வென்ஸை ஜென்பேங்க்ல போடும்போது பாட்டில் நம்பரையும் போடுங்க, பாட்டிலை காலேஜ் அலமாரியில விட்டுடாம ஏதாவது மியூசியம் சேகரிப்புக்கு கொடுத்துடுங்க. நாளைக்கு இந்தப் பேரே மாறினாலும் யாராச்சும் அந்தப் பாட்டிலைத் திறந்து சரிபார்க்க முடியும்.

சதுர ஜெல்லியோட குழி போட்டோவை கிளியரா எடுத்து இங்க போடுங்க, மூலைக் காலோட போட்டோவும் ஒண்ணு வேணும். குழி இதய வடிவம்தான்னு உறுதியானா கேரிப்டியா பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு பார்க்கலாம்.